துண்டில் பட்ட கறை

லினன் துணியில் மஞ்சள் கறை பட்டால் எப்படிப் போக்குவது என்று கேட்டுக்கொண்டேதான் அன்று நாச்சிமுத்து படியேறினார்.

கோகிலவாணி வாசலோரம் உட்கார்ந்து தலையணை உறைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. சென்னிமலைப் பக்கம் அவள் வீட்டு முன்னறையில் ஆறேழு பேர் கைத்தையல் கற்றார்கள். கைத்துண்டு, மேசை விரிப்பு, தலையணை உறை என்று எல்லாம் வீட்டில் தினமும் புழங்குகிற சாமான்கள்தான். அவர்களில் ஒருவரான நாச்சிமுத்துவுக்கு அறுபத்தொன்று, சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். இருந்தாலும் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை அண்ணா என்பாள்.

மற்றவர்கள் இன்னும் வரவில்லை. அதற்காகவே சீக்கிரம் வந்திருந்தார்.

"எதுல பட்டுதுங்கண்ணா?"

பைக்குள் கையை விட்டவர் தயங்கினார். பிறகு எடுத்தார்.

அந்தத் துண்டை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஏழு வாரம் தைத்தது. ஓரத்து இழைகளை ஒவ்வொன்றாக உருவி, மீந்த இழைகளை நாலு நாலாகச் சேர்த்துக் கட்டி, ஒரு முடிச்சுகூட முன்பின் நகராமல் தைத்திருந்தார். கூடப் படிக்கிறவர்கள் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். வீட்டில் கை துடைக்கப் போடுங்கள் என்று மட்டும் கோகிலவாணி சொன்னாள்.

அடுக்களை ஆணியில் மாட்டினார். மாட்டியதோடு சரி. யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

கறை எப்படிப் பட்டது என்று கேட்டாள். சமையல் வேலையில் பட்டுவிட்டது என்றார். சோப்புப் போட்டீர்களா என்றாள். போட்டதில் சிவந்துபோய்விட்டது என்றார்.

அவள் துண்டை வெளிச்சத்தில் விரித்தாள். சிவப்புக்கு நடுவே, விளிம்பு கட்டி, கருத்த பழுப்பாக ஒன்று.

"சுத்தியிருக்கறது மஞ்சளுங்க. வெயில்ல போட்டாப் போயிரும். நடுவுல இருக்கறது மஞ்சள் இல்லீங்கண்ணா."

நாச்சிமுத்து குனிந்துகொண்டார்.

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. ஊசியை எடுத்துத் தைக்கத் தொடங்கினாள். கேட்டிருந்தால் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பார். கேட்காததால் சொல்ல வேண்டியதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் சாப்பிட வந்திருந்தார்கள். துண்டைக் காட்டவென்று அவர்களை அடுக்களை வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். ஆணியில் துண்டு இல்லை. பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்த அவர் மனைவி செல்லாத்தாள் கை தவறி விரலை வெட்டிக்கொண்டுவிட்டாள். மஞ்சள் தூளை அள்ளி அப்பி, கைக்கு எட்டிய துணியால் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"வெடுக்குனு பிடுங்கிட்டேனுங்கம்மா," என்றார். "அத்தனை பேர் முன்னாலயும். ஒரு வார்த்தை வேற சொல்லிட்டேன்."

என்ன வார்த்தை என்று அவள் கேட்கவில்லை.

சம்பந்தியம்மாள்தான் தன் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டிவிட்டாளாம். செல்லாத்தாள் அந்தக் கட்டோடேயே எல்லோருக்கும் இலை போட்டுப் பரிமாறினாளாம். அந்த நேரத்தில் இவர் பின்பக்கக் குழாயடியில் நின்று துண்டை அலசிக்கொண்டிருந்தார்.

நாலு நாள் ஆகிவிட்டது, இன்னும் கறை போகவில்லை என்று முடித்தார். சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

ஊசி நின்றது.

"எந்த விரலுங்கண்ணா?"

நாச்சிமுத்து தன் விரல்களைப் பார்த்தார்.

காலையில் காபி டம்ளரை நீட்டிய கையை நினைத்துப் பார்த்தார். நேற்று சோறு வைத்த கையை. நாலு நாளும் கண்ணெதிரே வந்துபோன கைதான். வலதா இடதா என்பதுகூடப் பிடிபடவில்லை. கறை எத்தனை அங்குலம் என்று கேட்டிருந்தால் சட்டென்று சொல்லியிருப்பார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

கோகிலவாணி துண்டை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு, தலையணை உறையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அதற்குமேல் அவள் நிமிரவில்லை.

வீடு வரைக்கும் அவர் நடந்தே போனார்.

செல்லாத்தாள் குழாயடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். இடது கையைத் தண்ணீர் படாமல் ஒதுக்கிப் பிடித்திருந்தும், கட்டு நனைந்து தொங்கியது.

"கையைக் காட்டு," என்றார்.

"எதுக்குங்க?"

"பாக்கறதுக்குத்தான்."

அவள் எழுந்து நின்றாள். இரண்டு கையிலும் தண்ணீர் சொட்டியது. நாச்சிமுத்து பையிலிருந்து துண்டை எடுத்து விரித்து அவளிடம் நீட்டினார்.

செல்லாத்தாள் அதைப் பார்த்தாள். ஈரம் அதில் பட்டுவிடாதபடி ஓரடி பின்னால் நகர்ந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு கட்டுப் போட்ட கையை நீட்டினாள்.