பிஷப் தட்டிய கதவு

"கதவத் தொறக்க மாட்டாவளாம், ஐயா."

வந்த கால் நிற்குமுன்னே போதகர் மாசிலாமணி அழாக்குறையாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பிஷப்பாகப் பதவியேற்க வேண்டும். பேராலயத்தின் சாத்திய கதவைக் கோலால் மூன்று முறை தட்டுவார். உள்ளே இருப்பவர்கள் திறந்துவிடுவார்கள். அதுதான் முறை.

ஓய்வுபெற்ற பிஷப் ஞானாபரணம் கொய்யாப்பழத்தைக் கடித்துக்கொண்டே கேட்டார். "யாரு மாட்டாவளாம்?"

"தேர்தல்ல என்னை எதிர்த்த கூட்டம். உள்ள தாழ்ப்பாளப் போட்டுக்கிட்டு உக்காருவாவளாம். உசுருள்ள மட்டும் என்னை பிஷப்னு கூப்பிட மாட்டேன்னு வக்கீல் செல்லையா சத்தியமே பண்ணிட்டாரு. உங்களுக்கு எப்படித் தொறந்தாவ?"

"நான் தட்டின தட்டுல கோபுர மணி தானா அடிச்சுது. வௌவால் கூட்டம் கிளம்பி, என் கிரீடத்தத் தூக்கிக்கிட்டு நேரா கொழும்புக்குப் போயிட்டு. இன்னும் திருப்பித் தரல."

"கதவு?"

"அது அசையல."

"பெறகு?"

"பெறகென்ன? பசிச்சுது."

பழம் தீர்ந்தது. பெரியவர் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

ஞாயிறு வந்தது. மாசிலாமணி தட்டினார். மறுபடி தட்டினார். மூன்றாவது தட்டும் ஆயிற்று.

கதவு சும்மா இருந்தது.

"ஒடச்சிருவோமா?" என்றார் பின்னால் ஒருவர்.

ஆராதனை முடிந்து ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட, ஆலயத்துக்குப் பின்னால் அசனச் சமையல் நடந்துகொண்டிருந்தது. காற்று திரும்பியது. ஆட்டுக்கறிக் குழம்பு மணந்தது.

மாசிலாமணிக்கு வயிறு கிள்ளியது. கொஞ்சம் யோசித்தார். சிரித்துவிட்டார்.

"பாயை விரிங்க. ஜன்னலுக்கு நேர் கீழ. இலையப் போடுங்க."

கோலைப் பக்கத்தில் நின்றவர் கையில் திணித்தார். அங்கியைத் தூக்கிச் செருகினார். குழம்பு வாளியை எடுத்தார்.

முதல் இலையில் ஞானாபரணம் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார்.

பந்தி பாதி போகுமுன் தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. ஒருவர் வந்தார். பின்னாலேயே நாலு பேர். அப்புறம் மொத்தக் கூட்டமும். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை, இலையைத்தான் பார்த்தார்கள். கடைசியாக வக்கீல் வந்து உட்கார்ந்தார்.

மாசிலாமணி குனிந்து அவருக்கும் ஊற்றினார். அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

முதுகுக்குப் பின்னால் வக்கீலின் குரல் எழுந்தது.

"என்ன பிஷப்பையா, எனக்கு மட்டும் வெறும் எலும்பா விழுது?"