புறமுதுகு காட்டாத மன்னனும் பாக்கியிருந்த ஆட்டமும்

முன்னொரு காலத்தில் நீர்வேலி நாட்டை வயிரவாகு என்றொரு மன்னன் ஆண்டுவந்தான். போர்க்களத்தில் ஒருமுறைகூடப் புறமுதுகு காட்டாதவன். நல்லதுதான். ஆனால் அந்தப் பெருமை தலைக்கேறி, அரண்மனைக்குள்ளும் எவருக்கும் முதுகைக் காட்ட மாட்டேன் என்று ஆரம்பித்துவிட்டான். எண்ணெய்க் குளியலில் முதுகு தேய்க்கிறவன்கூடக் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் தேய்க்க வேண்டும். நீங்கள் சிரிக்கலாம். கழுத்தின்மேல் தலை வேண்டும் என்று நினைத்த யாரும் அங்கே சிரிக்கவில்லை.

அந்த ஊரை ஒட்டி ஓடிய ஆற்றுக்கு அக்கரைதான் இடைநாடு. உயிர் பிரிந்தவர்கள் மேலுலகம் போகுமுன் அந்த மணலில் வந்து நிற்பார்கள். இங்கிருந்து பார்த்தால் முகம் தெரியும். நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கும், அவர்கள் பேசுவது நமக்குக் கேட்காது. உறவினர்கள் கரைக்கு வந்து, ஆசை தீரப் பார்த்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் முதுகைத் திருப்பி வீட்டுக்கு நடக்க வேண்டும். அப்போதுதான் அவர்களுக்கு வழி திறக்கும். இரண்டாவது அமாவாசைக்குள் அப்படி அனுப்பப்படாதவர்கள் முகம் அழிந்து, பெயர் மறந்து, என்றென்றைக்கும் அங்கே பனிமூட்டமாகக் கிடப்பார்கள்.

மன்னனின் ஒரே மகள் மின்னாள். ஏழு வயது. விஷக்காய்ச்சல் நான்கே நாளில் அவளைக் கொண்டுபோய்விட்டது. கரைக்கு வந்த மன்னன் அக்கரையில் அவளைப் பார்த்தான். இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"என் குழந்தை அழுகிறாள். அழுகிற பிள்ளைக்கு முதுகைக் காட்டிவிட்டு வருவேனா? 'திரும்புங்கள்' என்று எவன் வாயிலிருந்து வந்தாலும் அவன் தலை இருக்காது" என்று சொல்லி, கரையிலிருந்த புன்னை மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அவனைத் தாங்கிப் பிடிக்க ஓர் ஆள் இருந்தார். தளபதி விடங்கர். "இதுவல்லவோ வீரம்!" என்று புகழ்ந்ததோடு நிற்காமல், மன்னர் ஆற்றைப் பார்த்து அமர்ந்திருக்கையில் குடிகள் முதுகைத் திருப்புவது ராஜத்துரோகம் என்று முரசறைந்துவிட்டார். பெற்றவளை இழந்தவன், பிள்ளையை இழந்தவள் எல்லாரும் அப்படியே கரையில் நின்றார்கள். அக்கரையிலும் கூட்டம் சேர்ந்துகொண்டே போனது. நாற்பது நாள் ஆயிற்று. இரண்டாவது அமாவாசைக்கு மூன்றே நாள்.

மின்னாளின் முகம் ஓரங்களில் மங்கத் தொடங்கியிருந்தது.

விடங்கருக்கு அமைச்சர் பெருஞ்சாத்தர் மேல் நெடுநாள் வயிற்றெரிச்சல். இதுதான் சமயம் என்று, "அமைச்சரின் அறிவு கடலாயிற்றே! மன்னரை அவர் அரண்மனைக்கு அழைத்துப் போகட்டும் பார்ப்போம்" என்றார்.

"அழைத்துப் போவீரா?" என்றான் மன்னன், ஆற்றிலிருந்து கண்ணை எடுக்காமல். "என் ஆணை நினைவிருக்கட்டும்."

"இருக்கிறது மன்னா" என்ற சாத்தர், அவன் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். அன்று முழுக்கக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் மாலை மெல்லக் கேட்டார்.

"மன்னா, அழுகிற பிள்ளை விரலிடுக்கில் எட்டிப் பார்க்குமா?"

மன்னன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அக்கரையில் மின்னாள் முகத்தைப் பொத்தினாள், விரலை விலக்கிப் பார்த்தாள், அப்பாவைச் சுட்டிக் காட்டினாள், மறுபடி பொத்தினாள்.

"நீங்கள் இருவரும் என்ன விளையாடுவீர்கள்?"

"கண்ணாமூச்சி. எப்போதும் அவள்தான் தூணில் முகம் புதைத்துக் கண்ணை மூடுவாள். நான்தான் ஒளிவேன். 'ஒரே ஒரு தடவை நீங்க கண்ணை மூடுங்கப்பா, நான் ஒளியறேன்' என்று கெஞ்சுவாள். மன்னன் எப்படி முதுகைக் காட்டுவது என்று நான்..."

"குழந்தைக்கு ஓர் ஆட்டம் பாக்கியிருக்கிறது" என்றார் சாத்தர்.

மன்னன் எழுந்தான். மகளை ஒருமுறை நன்றாகப் பார்த்தான். பிறகு ஊரே பார்க்க, புன்னை மரத்தில் முகத்தைப் புதைத்துக் கண்ணை மூடினான். வாழ்நாளில் முதன்முறையாக அவன் முதுகை நாடு பார்த்தது. சாதாரண முதுகுதான், அழுகையில் குலுங்கிக்கொண்டிருந்தது.

"வரலாமா?" என்று உரக்கக் கேட்டான்.

பதில் இல்லை.

"சாத்தரே, எதுவரை இப்படி நிற்பது?"

"ஒளிந்தவர் 'வரலாம்' என்று சொல்லும்வரை திரும்பக் கூடாது. அதுதானே ஆட்டவிதி?"

"அவள் சொன்னாலும் இக்கரைக்குக் கேட்காதே!"

"கேட்காது மன்னா."

நெடுநேரம் மரத்தோடு மரமாக நின்றான் மன்னன். புரிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் அரண்மனையை நோக்கி நடந்தான். அக்கரையில் மின்னாள் இரண்டு கையாலும் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் சிரிப்பாக, மணல்மேட்டுக்கு அப்பால் ஓடி மறைந்ததை, ஊரே மன்னனைப் பார்த்துக்கொண்டிருக்க, சாத்தர் மட்டும் பின்னால் நின்று பார்த்தார்.

விடங்கர் வழிமறித்தார். "மன்னா, அமைச்சர் உங்களைத் திருப்பிவிட்டார்! ஆணைப்படி அவர் தலை..."

"திரும்பச் சொன்னது அவரல்ல, என் மகள். விடங்கரே, அக்கரையில் நாற்பது நாளாக உம்மைப் பார்த்துக் கையசைக்கும் கிழவி யார்?"

விடங்கர் தலை தொங்கிப்போயிற்று. "என்... என் தாயார்."

"அடப்பாவி! உன் வாள் இங்கே இருக்கட்டும். குடிகள் எல்லாருக்கும் முன்னால் நீ முதலில் போய் அந்த அம்மாவுக்கு முதுகைக் காட்டி வா."

விடங்கர் போனார். திரும்பி வருகையில் சின்னப் பையனைப்போல் விம்மிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் ஊர் முழுவதும் முதுகைத் திருப்பி வீட்டுக்கு நடந்தது. பொழுது சாய்வதற்குள் அக்கரை வெறும் மணலாயிற்று.

புறமுதுகு காட்டாதவன் என்பதற்காக அணிந்திருந்த வீரக்கழலைக் கழற்றி, "இனி இது எனக்கு ஆகாது" என்று சாத்தரிடம் கொடுத்தான் மன்னன்.

அதன்பிறகு முப்பது வருடம் ஆண்டான். ஒருநாளும் ஆற்றுப் பக்கம் அவன் திரும்பியதில்லை. கடைசியில் படுக்கையில் விழுந்தபோது தன்னைப் புன்னை மரத்தடிக்குத் தூக்கிப்போகச் சொன்னான். முதுகு ஆற்றுப் பக்கம் இருக்குமாறு ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். மூச்சு அடங்கும் நேரத்தில் உதடு அசைந்தது.

"வரலாமா?"

சுற்றி நின்றவர்களுக்கு ஆற்றுச் சலசலப்பைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. ஆனால் மன்னன் முகம் மலர்ந்தது. மெல்லப் புரண்டு, ஆற்றுப் பக்கம் திரும்பினான்.