இருளாயி திட்டாத காலை

"அவமரியாதை என்றால் என்ன, குருவே?" என்று கேட்டார் தவசி.

தவசி மடத்துக்கு வந்து ஒன்பது வருடம். குருவைவிட நான்கு வயது மூத்தவர்.

"ஏன், அந்தச் சொல்லோடு என்ன தகராறு?"

"காலையில் இருளாயியிடம் சொல்லிவிட்டேன். அப்போது சரியாகத்தான் பட்டது. அப்புறம் மனசு கேட்கவில்லை."

இருளாயி ஆடு மேய்ப்பவள். தினமும் தூக்குவாளியில் கம்பங்கூழும் இரண்டு மோர்மிளகாயும் கொண்டுவருவாள். குருவுக்கு எதிரே காலை நீட்டி உட்காருவாள். "மூஞ்சியப் பாரு, வத்தலாட்டம். கண்ண மூடிக் கெடந்தா வயிறு நெறஞ்சிருமா? குடி" என்பாள். குரு குடிப்பார். மிச்சம் வைத்தால் அதற்கும் திட்டு விழும்.

"என்ன சொன்னீர்?"

"குருவிடம் இப்படிப் பேசுவது அவமரியாதை என்றேன். அவர் யாரென்று நினைத்தாய் என்று கேட்டேன்."

"அவள்?"

"முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். தெரியாமப் பேசிட்டேன் சாமி என்றாள். கூழ்வாளியோடு வாசலிலிருந்தே திரும்பிவிட்டாள்."

"நாளை வருவாள். பார்ப்போம்" என்றார் குரு.

மறுநாள் வந்தாள். வெளுத்த சேலை. கையில் தூக்குவாளி இல்லை. தாம்பாளத்தில் ஆறு வாழைப்பழமும் வெற்றிலையும் இருந்தன. அதைக் கீழே வைத்து விழுந்து கும்பிட்டாள். எழுந்து வாசலோரமாக ஒதுங்கி நின்றாள்.

"கூழ் எங்கே, இருளாயி?"

"அதெல்லாம் உங்களுக்குக் குடுக்கலாமா சாமி."

"நேற்று முழுக்க நான் சாப்பிடவில்லை."

சொல்லிவிட்டு குரு அவள் முகத்தையே பார்த்தார். தவசியும் பார்த்தார். திட்டிவிடு தாயே என்று மனசுக்குள் கெஞ்சினார்.

அவள் உதடு அசைந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"பழம் சாப்பிடுங்க சாமி. நான் உத்தரவு வாங்கிக்கிறேன்."

குருவுக்கு முதுகு காட்டாமல் பின்னாலேயே நடந்தாள். படியில் கால் தடுக்கியது. சமாளித்துக்கொண்டு போய்விட்டாள்.

"நான் போய் மன்னிப்புக் கேட்கிறேன்" என்றார் தவசி.

"கேளும். உமக்கும் ஒரு கும்பிடு போடுவாள்."

பழத்தின் மேல் ஈ மொய்த்தது. இருவரும் அதை விரட்டவில்லை.

"அந்தச் சொல்லுக்குப் பொருள், குருவே?"

"நேற்றுவரை இங்கே அந்தச் சொல் தேவைப்படவில்லை, தவசி. வாளியை ஆட்டிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போவாள். அந்த முதுகைப் பார்த்துத்தான் நான் தினமும் கும்பிடுவேன்."