தேரடியில ஆள் எறங்குது

மலைமேல் ஒரு சின்ன மடம். அங்கே இருந்த சாமிக்கு வயசு முப்பதுதான். சீடர் அங்கப்பனோ பேரன் எடுத்தவர், பஸ் ஓட்டி ஓய்ந்தவர். சாமி அவரை டிரைவரே என்றுதான் கூப்பிடுவார்.

அன்றைக்குக் காலையில் மஸ்கட்டிலிருந்து மகள் போனில் பேசினாள். கைப்பிள்ளை தூங்கவே மாட்டேங்குதாம். "அம்மா பாட்டை அனுப்புங்கப்பா" என்றாள்.

அம்மா வெள்ளைத்தாய் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் குரல் அங்கப்பன் போனில் மட்டும்தான் இருந்தது. அந்தக் காலத்தில் புருஷன் பஸ் இந்நேரம் எங்கே வரும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்து, நிறுத்தம் நிறுத்தமாகச் சொல்லி மகளைத் தூங்க வைத்த பாட்டு அது.

அங்கப்பன் போனைக் கையில் பொத்திக்கொண்டு வந்தார்.

"அனுப்பினா இங்கேருந்து போயிருமே, சாமி. வழியில தொலைஞ்சா?"

"பாட்டு எத்தனை வரி?"

"நாலு."

"பாடுங்க."

அங்கப்பன் கூச்சத்தோடு பாடினார்.

ஆத்துப்பாலம் தாண்டியாச்சு, கண்ணே உறங்கு.
செக்கடி முக்கு வந்தாச்சு, கண்ணே உறங்கு.
தேரடியில ஆள் எறங்குது, கண்ணே உறங்கு.
டிப்போவுல வண்டி நின்னாச்சு, கண்ணே உறங்கு.

கும்பிட வந்து மலை இறங்குகிறவர்களில் நாலு பேரைச் சாமி நிறுத்தினார். அங்கப்பனை ஆளுக்கு ஒரு வரி பாடிக்காட்டச் சொன்னார், அது எத்தனையாவது வரி என்பதோடு. "அடிவாரத்துப் பொரிக்கடைச் சடையம்மாகிட்ட சேர்த்துருங்க. நாலு வரி வரும்னு சொல்லுங்க."

ஒருத்தர் படி வழியே போனார். ஒருத்தர் பஸ் ஏறினார். ரெண்டு பேர் ஆட்டுத்தடத்தில் இறங்கினார்கள்.

வெயில் ஏறியதும் தயிர்க்காரர் மேலே வந்தார். "சடையம்மா மூணாவதை மட்டும் திரும்பக் கேக்குது, சாமி. மத்தது வந்துருச்சாம். கொண்டுபோனவர் பையைக் குரங்கு பறிச்சிருச்சு. அதை விரட்டினதுல வரி மறந்துபோச்சாம்."

"பாத்தீங்களா, தொலைஞ்சுது" என்றார் அங்கப்பன்.

"மூணாவதைப் பாடுங்க."

பாடினார். கீழே இறங்கப்போன ஒரு பூக்காரம்மா வாங்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் ரெண்டு பேரும் அடிவாரத்துக்கு வந்தார்கள். சடையம்மா பொரி அளந்துகொண்டே பாடினாள். ஒரு வரி குறையவில்லை. வெள்ளைத்தாய் இழுக்கிற இடத்தில் அவளும் இழுத்தாள். அங்கப்பன் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நாலாவதுதான் முதல்ல வந்துச்சு" என்றாள் சடையம்மா. "வண்டி நின்னப்புறம் பாலம் தாண்டுது. எத்தனையாவதுன்னு சொல்லிவிட்டதால அடுக்கிட்டேன். யாரு சாமி இந்தப் பாட்டைக் கட்டுனது? நல்லாத்தான் கட்டியிருக்கா."

சாமி அங்கப்பனைப் பார்த்தார். "பாட்டு இங்க வந்துருச்சு. உங்ககிட்ட குறைஞ்சுதா?"

அங்கப்பன் போனை எடுத்தார். கட்டைவிரல் கொஞ்சநேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு அழுத்தினார்.

ஒரு டிக் விழுந்தது. ரெண்டாவது விழவில்லை.

"இப்ப வெள்ளைத்தாய் எந்த வழியா போவா, சாமி?"

"துண்டு துண்டாப் போவாங்க. கடலுக்கடியில கம்பி கிடக்கு. நடுநடுவே பஸ் ஸ்டாண்டு மாதிரி மெஷின் இருக்கு. விலாசத்தைப் பாத்து அடுத்த ஸ்டாண்டுக்கு ஏத்திவிடும். ஒரு வழி அடைச்சா வேற வழி. வராத துண்டைச் சேருற இடம் திரும்பக் கேட்டு வாங்கிக்கும்."

"ரெண்டாவது டிக்கு?"

"மக போன் அணைஞ்சிருக்கும். வாங்கிக்கிட்டதும் அங்கேருந்து சேதி வரும்."

விளக்கு வைக்கிற நேரமாயிற்று. அங்கப்பன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எங்க போயிட்டிருக்காளோ, கண்ணுக்குத் தெரியலையே, சாமி."

"உங்க பஸ்ஸு மட்டும் அவங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதா, டிரைவரே? பாடிட்டிருங்க."