பிரேக் இல்லாமல் இருபத்தேழு வளைவு

வெண்பாறை எஸ்டேட்டின் பழைய மலைரோட்டில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். புது ரோடு வந்தபின் அதில் வண்டிகள் போவதில்லை. மேலேயும் கீழேயும் கேட் போட்டுப் பூட்டிவிட்டார்கள். ஞாயிறுதோறும் மேனேஜர் திவாகர் மட்டும் அதில் சைக்கிள் ஓட்டுவார். கொழுந்து பறிக்கும் அன்னக்கொடியிடமும் ஒரு பழைய கியர் சைக்கிள் இருந்தது. ஆறு வருஷமாகத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று அந்த ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் கேட்டே விட்டாள்.

"எனக்கும் ஒரு வாட்டி திறந்து விடுங்க தொரை."

திவாகர் சுற்றி நின்ற ஆட்களைப் பார்த்துச் சிரித்தார். "பிரேக்கே பிடிக்காம இருபத்தேழு வளைவும் ஓட்டிக் காட்டு. சாவியை உன்கிட்டயே தந்துடறேன்." சொன்னதோடு நிற்காமல் அவள் சைக்கிளின் பிரேக் கட்டைகளையும் கழற்றச் சொல்லிவிட்டு மேல் கேட்டைத் திறந்துவிட்டார்.

அன்னக்கொடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அடிவாரம் வரை நடந்தாள். அங்கேதான் ஏறி உட்கார்ந்து மேல்நோக்கி மிதித்தாள். வழியெல்லாம் அவள் மூச்சும் சங்கிலிச் சத்தமும்தான். மதியம், திவாகரும் ஆட்களும் காத்திருந்த மேல் கேட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

"ஏமாத்துறியா? நான் இறங்கத்தானே சொன்னேன்!"

"ஓட்டணும்னுதான் சொன்னீங்க. ஏறுறவங்களுக்கு எதுக்குத் தொரை பிரேக்கு? இத்தனை வருஷத்துல நீங்க ஒரு வாட்டிகூட ஏறினதில்லையா?"

முதலில் சிரித்தது ஜீப் டிரைவர். ஞாயிறுதோறும் மேனேஜரையும் சைக்கிளையும் கீழேயிருந்து மேலே கொண்டுவந்து சேர்ப்பவர் அவர்தான்.

திவாகர் சாவியை நீட்டினார். அன்னக்கொடி அதை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடியும் சைக்கிளைக் கீழ்நோக்கித் தள்ளத் தொடங்கினாள், இன்னொரு முறை ஏறுவதற்கு.