அரசருக்கு ஒரு வாய்க்கூடை

முன்னொரு காலத்தில், நெல்லுக்குப் பேர்போன ஒரு நாட்டில், அறுவடை நேரம் பார்த்து ராஜாவுக்கு ஓர் ஆசை முளைத்தது. அரண்மனை வயலில் விளைந்ததில் ஒரு மணிகூட வீணாகக் கூடாதாம்.

"போரடிக்கும் மாடுகள் குனிந்து குனிந்து தின்கின்றன, பிரபு" என்று பற்றவைத்தார் பண்டகசாலை அதிகாரி வில்லவதரையர். ராஜா தலையாட்டவே, தம் கையாலேயே கட்டளையும் எழுதினார்: 'களத்தில் நெல் மிதிக்கும் எந்த உயிரும் வேலை முடியும்வரை வாய் கட்டியிருக்க வேண்டும்.' அரசவை விகடகவி தோணியப்பன்மேல் அவருக்கு நெடுநாள் பொறாமை. "உழவருக்குப் பரிந்து பேசும் இவனே காவல் நிற்கட்டும்" என்று அவனையும் மாட்டிவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் மாடுகளின் வாயில் கூடை ஏறியது. புதுநெல்லின் மணத்தை முகர்ந்தபடி அவை சுற்றிச் சுற்றி வந்தன. உச்சி வெயிலில், கூலிக்கு மாடு ஓட்டி வந்திருந்த செங்கமலத்தின் செவலைக்காளை முன்னங்கால் மடங்கி விழுந்தது. புருஷன் போனபின் அவளுக்கு மிஞ்சியது அந்த ஒரு ஜோடிதான்.

"அண்ணே, இது செத்துச்சுன்னா நான் எதை வச்சு உழுவேன்? ஒரு வாய் வைக்கோலாச்சும் போட விடுங்கண்ணே!"

தோணியப்பன் பாதையை எட்டிப் பார்த்தான். "சித்த பொறும்மா. அதோ, ராஜாவே வர்றார்."

ஓடிப்போய்க் கும்பிட்டான். "பிரபு, தங்கள் திருவடி பட்டால் நெற்பொலி பெருகும் என்று குடிகள் ஆசைப்படுகிறார்கள். ஒரு சுற்று மிதித்தருள வேண்டும்."

ராஜா குளிர்ந்துபோய் மாடுகளின் பின்னால் ஒரு சுற்று மிதித்து வந்தார். களைப்பாற உட்கார்ந்ததும் நெய் மிதக்கும் பொங்கல் வந்தது. கையில் எடுத்தார். தோணியப்பன் பட்டுக்கயிறு கட்டிய புதுக் கூடையோடு மண்டியிட்டான்.

"என்ன இது?"

"வாய்க்கூடை, பிரபு. தாங்களும் நெல் மிதித்தீர்கள். அடியேன் காவல்காரன்."

"எதுவரைக்கும்?"

"வேலை முடியும்வரை, அதாவது நெல்லைத் தூற்றி முடிக்கும்வரை. அதற்குக் காற்று வர வேண்டும். மூன்று நாளாக வேப்பிலைகூட அசையவில்லை."

வில்லவதரையர் பாய்ந்து வந்தார். "மூடனே! அந்தக் கட்டளை அரசருக்கு இல்லை!"

"'எந்த உயிரும்' என்று எழுதியவர் தாங்கள்தானே, ஐயா? அரசருக்கு உயிர் இல்லை என்கிறீர்களா?"

ராஜா கையிலிருந்த பொங்கலைப் பார்த்தார்; கீழே கிடந்த காளையைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"கண்ணெதிரே சோற்றை வைத்துக்கொண்டு ஒரு நொடி பொறுக்க என்னால் முடியவில்லை. கழற்றுங்கள் கூடைகளை! இனி என் களத்தில் எந்த வாயையும் கட்டக் கூடாது."

தம் முத்துமாலையைக் கழற்றித் தோணியப்பன் கழுத்தில் போட்டார். பொங்கல் தட்டை வில்லவதரையர் கையில் கொடுத்துச் செவலையின் பக்கம் கைகாட்டினார். அவர் குனிந்து தட்டை நீட்ட, செவலை நெய்யை வழித்து நக்கிவிட்டு, மெல்ல எழுந்து நின்றது.