பேய் கேட்ட படையல்

பேய்கள் புளியமரத்தில் குடியிருக்கும் என்று உலகம் நம்புகிறது. இதைவிடப் பெரிய பிழை கிடையாது. திருத்தாமல் கதைக்குள் போவது முறையல்ல. புளியமரத்தடியில் புழுக்கம் அதிகம். மானமுள்ள எந்தப் பேயும் முருங்கையில்தான் இருக்கும்.

மாதம் தவறாமல் மழை பெய்து, பேய்க்கும் மரியாதை இருந்த காலம் அது. நொச்சிக்காட்டில் ஒரு முருங்கையில் நெட்டையன் என்ற பேய் வாழ்ந்தது. யாரையும் பிடித்ததில்லை. கூச்சம் அதிகம்.

எதிர்வீட்டில் பூவாயி என்ற சிறுமி. தைமாதக் காய்ச்சலில் தாய் போனபின் அவள் சட்டியை உடைத்தாள், கிட்டே வந்தவரைக் கடித்தாள், திடீர் திடீரென்று அலறினாள். "பேய் பிடிச்சிருக்கு" என்றது ஊர்.

நெட்டையனுக்கு மானமே போயிற்று. "நானா? அவளைக் கண்டால் எனக்கே பயம்."

பழியைப் போக்கிக்கொள்ள, அவள் வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்து கவனித்தது. அடுப்பு எரியாத நாளில் சட்டி உடைந்தது. படுக்கத் துணையில்லாதபோது அலறல் எழுந்தது. அப்பன் மாடப்பன் குடித்துவிட்டு வந்து மட்டையை எடுத்தால், கடி விழுந்தது. 'இதற்குப் பேய் எதற்கு?' என்று பேய்க்கே தோன்றியது.

வீரணப் பூசாரியை அழைத்தார்கள். முதல் வெள்ளி, வேப்பிலையால் அடித்தார். இரண்டாம் வெள்ளி, மிளகாய்ப் புகை போட்டார். மூன்றாம் வெள்ளி, கரண்டியை நெருப்பில் வைத்தார். பேய் வாய் திறந்து கேட்பதைக் கொடுத்தால் விலகிவிடும் என்பது வழக்கம். "இன்னைக்கும் பேசலேன்னா சூடுதான்" என்றார்.

உள்ளே பேயே இல்லாதவள் என்னத்தைப் பேசுவாள்? கரண்டி சிவந்தது. பூவாயி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ள நெட்டையன் கூரையிலிருந்து இறங்கியது. அவள் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்து கரகரத்தது: "நான்தான் பிடிச்சேன்."

பூசாரியின் கரண்டி கீழே விழுந்தது. நிஜப் பேய் பேசி அவர் கேட்டது அன்றுதான்.

"என்ன வேணுங்க உங்களுக்கு?"

"விடிஞ்சதும் சூடா கஞ்சி."

"கருஞ்சேவல்?"

"வேணாம்."

"சாராயம்?"

"அது இந்த வீட்டுல ஏற்கெனவே அதிகம். இவ தூங்குறவரைக்கும் அப்பன் பக்கத்துல உட்காரணும். கை ஓங்கினா பிடிச்சிடுவேன்."

"யாரைங்க?" என்றான் மாடப்பன்.

"உன்னைத்தான்டா."

"எத்தனை நாளைக்குங்க?"

"இவ வளர்ற வரைக்கும்."

கஞ்சி கொதித்தது. மாடப்பன் முதலில் பேய்க்குப் பயந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தான்; பிறகு பழக்கத்தில் உட்கார்ந்தான்; பிறகு அவள் தேடுவாள் என்று உட்கார்ந்தான். பூவாயி மேலும் இரண்டு சட்டிகளை உடைத்தாள். அதன்பின் அந்த வீட்டுச் சட்டிகள் வயதாகித்தான் உடைந்தன.

ஆகவே, பிள்ளையைப் பேய் பிடித்தது என்று சொல்லுமுன், அந்தப் பிள்ளை சாப்பிட்டதா, யாரைக் கண்டு நடுங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

அடுத்த மாதம் நொச்சிக்காட்டில் இன்னும் மூன்று பிள்ளைகளைப் பேய் பிடித்தது. மூன்று பேய்களும் கஞ்சிதான் கேட்டன.